ஜெஃபிர் வொர்க் கியூ: 30 மில்லி செகண்ட் டிபவுன்ஸ் முக்கால் செகண்ட் ஆவது ஏன்?

முடிவிலா_லூப்

போர்டு என்ஆர்எஃப்52840 டிகே, அதில் ஓடும் சிறு இயங்குதளம் ஜெஃபிர் 3.6. ஒரு டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் (12 பிட்), ஒரு பட்டன், ஒரு எல்இடி. தனியாக த்ரெட் (தனித்து ஓடும் நிரல் இழை) எதுவும் உருவாக்கவில்லை. மூன்று வேலையும் கே_வொர்க்_டிலேயபிள் (தாமதித்து ஓடும் வேலை), மூன்றும் ஜெஃபிரே வைத்திருக்கும் சிஸ்டம் வொர்க் கியூ என்ற வேலை வரிசையில் ஓடுகின்றன.

சென்சார் வேலை: ஹேண்ட்லரில் (வேலையின் முறை வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) சென்சார்_சாம்பிள்_ஃபெட்ச் அழைத்து மதிப்பை லாகில் எழுதுகிறேன். கடைசி வரியில் கே_வொர்க்_ஷெட்யூல், 10 செகண்ட்.

பட்டன் வேலை: ஜிபிஐஓ இன்டரப்டில் (பின்னின் நிலை மாறியதும் வரும் குறுக்கீடு) கே_வொர்க்_ரீஷெட்யூல், 30 மில்லி செகண்ட். பட்டனின் அதிர்வு அடங்கக் காத்திருக்கும் டிபவுன்ஸ் இதுதான். ஹேண்ட்லரில் பின்னைப் படித்து, அழுத்தியிருந்தால் எல்இடியை ஏற்றி, அணைக்கும் வேலைக்கு கே_வொர்க்_ஷெட்யூல், 5 செகண்ட்.

பிரச்சினைகள் நான்கு.

ஒன்று, பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் உடனே எல்இடி எரிகிறது. சில நேரம் முக்கால் செகண்ட் கழித்து எரிகிறது. லேசாகத் தட்டிவிட்டு எடுத்தால் சில நேரம் எரிவதே இல்லை.

இரண்டு, எரிந்துகொண்டிருக்கும்போது நான்காவது செகண்டில் மறுபடி அழுத்தினால் இன்னும் 5 செகண்ட் எரிய வேண்டும். ஆனால் முதல் அழுத்தலில் இருந்து 5 செகண்ட் ஆனதும் அணைந்துவிடுகிறது.

மூன்று, ஒரு மணி நேரத்துக்கு 360 அளவீடு வரவேண்டும். எண்ணிப் பார்த்தால் 334.

நான்கு, பேட்டரி இறங்கினால் மெயின் த்ரெட் கே_வொர்க்_கேன்சல்_டிலேயபிள் அழைத்து, சென்சாரின் மின்சாரத்தை ஒரு டிரான்சிஸ்டர் வழியாக வெட்டுகிறது. அதற்குப் பிறகும் எப்போதாவது ஒரு சென்சார் எரர் லாகில் வருகிறது.

சிபியு பெரும்பாலும் ஐடிலில்தான் இருக்கிறது. பிறகு எதற்காகக் காத்திருக்கிறது?

---

ரிலே_குமிழ்

சிஸ்டம் வொர்க் கியூவோட பிரையாரிட்டியை ஏத்திப் பாருங்க. இல்லேன்னா வொர்க் கியூவையே விட்டுட்டு கே_டைமர் கால்பேக்குலயே சென்சாரைப் படிச்சிடுங்க. டைமர் துல்லியமா வரும்.

---

டிக்டிக்

மேலே சொன்ன இரண்டும் இங்கே உதவாது. கே_டைமர் கால்பேக் இன்டரப்ட் சூழலில் ஓடுவது. அங்கே தூங்கக் கூடாது, டிஎஸ்18பி20 டிரைவரோ தூங்கும். பிரையாரிட்டியும் காரணமில்லை. சிஸ்டம் கியூவின் இயல்பு பிரையாரிட்டி -1, அதாவது கோஆப்பரேட்டிவ் (தானே விடும்வரை வேறு த்ரெட் அதன் இடத்தைப் பிடிக்காது). மெயின் த்ரெட் 0-வில் இருக்கிறது; எண் குறைந்தால் பிரையாரிட்டி அதிகம். உங்கள் செயலியில் கியூவுக்கு அது போதுமான உயரம்தான்.

காரணம் டிஎஸ்18பி20-க்குள் இருக்கிறது. 12 பிட்டில் ஒரு மாற்றத்துக்கு (வெப்பநிலையை எண்ணாக்குவதற்கு) அது அதிகபட்சம் 750 மில்லி செகண்ட் எடுக்கும். ஜெஃபிர் டிரைவரின் ஃபெட்ச், மாற்று என்று கட்டளை கொடுத்துவிட்டு அந்த 750-ஐயும் கே_எம்ஸ்லீப்பில் கழித்துவிட்டுத்தான் மதிப்பைப் படிக்கும். சென்சார் பேசும் ஒற்றைக் கம்பியான ஒன்வயர் பஸ்ஸில் ரீசெட், கட்டளை, 9 பைட் ஸ்க்ராட்ச்பேட் (சென்சாரின் உள் நினைவகம்) எல்லாம் சேர்த்தால் இன்னொரு 10 மில்லி செகண்ட் அளவுக்கு. மொத்தம் 760.

வொர்க் கியூ என்பது ஒரே ஒரு த்ரெட். ஒரு ஹேண்ட்லர் திரும்பி வந்தால்தான் அடுத்ததை எடுக்கும். ஹேண்ட்லர் தூங்கினால் சிபியு வேறு த்ரெட்டுக்குப் போய்விடும், அதனால்தான் உங்களுக்கு ஐடில் தெரிகிறது. ஆனால் அந்தக் கியூவில் நிற்கிற மற்ற வேலைகளுக்கு வழி கிடையாது. முன்னால் நிற்பவர் கவுண்டரிலேயே தூங்கிவிட்ட ரேஷன் கடை வரிசை மாதிரி.

நீங்கள் கொடுக்கும் 30 மில்லி செகண்ட், வேலை எப்போது வரிசையில் போய் நிற்கும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. நேரம் முடிந்ததும் டைமர் இன்டரப்டில் கர்னல் அதை கியூவின் வாலில் சேர்க்கும், அவ்வளவுதான். சென்சார் ஹேண்ட்லர் அப்போது தூக்கத்தில் இருந்தால் மிச்சத் தூக்கம் முழுக்க உங்கள் பட்டனின் தலையில். லேசாகத் தட்டினால் எரியாமல் போவதும் இதனால்தான்: ஹேண்ட்லர் பின்னைப் படிக்க வரும்போது விரல் எப்போதோ எடுக்கப்பட்டிருக்கும்.

334-க்கும் இதே கணக்கு. ஹேண்ட்லரின் கடைசி வரியில் 10 செகண்ட் கொடுத்தால் ஒரு சுற்று 10.76 செகண்ட். 3600-ஐ 10.76-ஆல் வகுத்துப் பாருங்கள், 334 வரும்.

தீர்வு, சென்சாருக்குத் தனி கியூ. கே_த்ரெட்_ஸ்டாக்_டிஃபைனில் ஒரு ஸ்டாக் (அந்தக் கியூவின் த்ரெட்டுக்கான நினைவகம்), கே_வொர்க்_கியூ_இனிட், பிறகு கே_வொர்க்_கியூ_ஸ்டார்ட். பிரையாரிட்டி கே_பிரையோ_பிரீஎம்ப்ட் 10 போதும். வெப்பநிலைக்கு அவசரம் கிடையாது. கான்ஃபிக் ஸ்ட்ரக்சரில் பெயர் கொடுத்து வையுங்கள், பின்னால் ஸ்டாக் பார்க்கும்போது உதவும்.

கியூவைத் தொடங்கும் வரிசையிலும் கவனம். தொடங்காத கியூவுக்கு நேரடியாக வேலை கொடுத்தால் -இஎன்ஓடெவ் என்ற எரரை முகத்துக்கு நேரே சொல்லிவிடும். தாமதத்தோடு கொடுத்தால் அப்படி இல்லை. ஷெட்யூல் வெற்றி என்று 1 திரும்பும். நேரம் முடிந்து இன்டரப்டில் சேர்க்கப் போகும்போது வரும் எரரைக் கேட்க அங்கே ஆள் இல்லை. வேலை சத்தமில்லாமல் காணாமல் போகும்.

தனி கியூ வேண்டாம், ரேம் இல்லை என்றால் இன்னொரு வழி: டிரைவரை விட்டுவிட்டு ஒன்வயர் கட்டளைகளை நீங்களே இரண்டு துண்டாக்கலாம். முதல் துண்டு மாற்றத்தைத் தொடங்கிவிட்டு 750-க்கு ஷெட்யூல் செய்து திரும்பிவிடும், இரண்டாவது துண்டு படிக்கும். இதில் அவசரப்பட்டு முன்னாலேயே படித்தால் மின்சாரம் வந்தபின் முதல் முறை 85 டிகிரி வரும். அது அந்தச் சில்லின் தொடக்க மதிப்பு. அடுத்தடுத்த முறைகளில் 85 வராது, முந்தைய அளவீடே திரும்ப வரும். பார்வைக்குச் சரியாகத் தெரியும் என்பதால் இரண்டாவதுதான் ஆபத்து.

அரை டிகிரி துல்லியம் போதுமானால் டிவைஸ்ட்ரீயில் (வன்பொருள் விவரக் கோப்பு) ரெசல்யூஷனை 9 ஆக்குங்கள். 93.75 மில்லி செகண்டில் முடிந்துவிடும். ஆனாலும் பட்டன் இருக்கிற கியூவில் அதையும் விடமாட்டேன்.

---

பழைய_கர்னல்

டிக்டிக் சொன்னது ஒண்ணுக்கும் மூணுக்கும் பதில். ரெண்டாவதுக்கு நான் சொல்றேன்.

கே_வொர்க்_ஷெட்யூல், கே_வொர்க்_ரீஷெட்யூல் ரெண்டும் ஒண்ணு இல்ல. ஏற்கெனவே நேரம் ஓடிட்டு இருக்கிற வேலைக்கு ஷெட்யூல் கூப்பிட்டா ஒண்ணுமே செய்யாது, 0 திருப்பிட்டுப் போயிடும். பழைய நேரம் அப்படியே இருக்கும். ரீஷெட்யூல் பழசைத் தூக்கிட்டு புதுசை வைக்கும். "கடைசி நிகழ்வுல இருந்து இத்தனை செகண்ட்" வேணும்னா ரீஷெட்யூல், "முதல் நிகழ்வுல இருந்து" வேணும்னா ஷெட்யூல். டிபவுன்ஸுக்கு சரியா போட்டுட்டு எல்இடிக்கு மாத்திப் போட்டிருக்கீங்க.

2.6-க்கு முந்தி இருந்த கே_டிலேய்டு_வொர்க்_சப்மிட், இப்ப இருக்கிற ரீஷெட்யூல் மாதிரி நடந்துக்கும். பழைய கோடைப் பெயர் மட்டும் மாத்தி ஷெட்யூல்னு கொண்டுவந்தா இந்தப் பிழை தானா வந்து உக்காந்துக்கும். லினக்ஸ்லயும் இதே ஜோடி உண்டு: ஷெட்யூல்_டிலேய்டு_வொர்க் நேரத்தை மாத்தாது, மாட்_டிலேய்டு_வொர்க் மாத்தும்.

இதோட முடியல. ரீஷெட்யூல் போட்டாலும் ஒரு ஓட்டை இருக்கு. அது நேரத்தைத்தான் ரத்து பண்ணும். நேரம் முடிஞ்சு ஏற்கெனவே கியூவுல நிக்கிற வேலையை அது வெளிய எடுக்காது. உங்க இப்போதைய அமைப்புலயே பாருங்க. சென்சார் தூங்க ஆரம்பிச்சு 100-வது மில்லி செகண்ட்ல பட்டன் வேலை கியூவுக்கு வருது. 300-ல எல்இடி அணைக்கிற நேரம் முடிஞ்சு அதுவும் பின்னாடி வந்து நிக்குது. 760-ல கியூ விடுபடுது. பட்டன் ஹேண்ட்லர் எல்இடியை ஏத்தி, ரீஷெட்யூல் 5 செகண்ட்னு சொல்லிட்டுப் போகுது. அடுத்த நொடியே பின்னாடி நின்னது வந்து அணைச்சிடும். அழுத்தினவருக்கு எல்இடி ஒரு கண் சிமிட்டல்.

சென்சாரை வேற கியூவுக்கு மாத்தினா இந்த ஜன்னல் சின்னதாகும், மூடாது. மூட ஒரு வரி போதும். அணைக்கிற ஹேண்ட்லரோட முதல் வரியில கே_வொர்க்_டிலேயபிள்_ரிமெய்னிங்_கெட் கூப்பிடுங்க. 0-வுக்கு மேல வந்தா யாரோ புது நேரம் வச்சிட்டாங்கன்னு அர்த்தம். எதையும் தொடாம திரும்பிடுங்க, அந்தப் புது நேரம் முடிஞ்சதும் மறுபடி வருவீங்க.

ஹேண்ட்லருக்குக் கிடைக்கிறது வெறும் கே_வொர்க் பாயின்டர். அதை நேரா காஸ்ட் பண்ணாம கே_வொர்க்_டிலேயபிள்_ஃப்ரம்_வொர்க் வழியா எடுங்க.

---

டிக்டிக்

மூன்றாவதில் ஒன்று விட்டுப்போனது. ஷெட்யூலை ஹேண்ட்லரின் கடைசி வரியில் இருந்து முதல் வரிக்கு மாற்றினாலே 760 போய்விடும். ஆனாலும் சொட்டுச் சொட்டாக விலகும். கியூவில் காத்திருந்த நேரம் ஒவ்வொரு சுற்றிலும் சேரும். சொன்ன தாமதத்துக்குக் குறையாமல் இருக்க கர்னல் தன் பங்குக்கு ஒரு டிக் (அது நேரத்தை எண்ணும் அலகு) கூட்டும். என்ஆர்எஃப்பில் டிக் 32768-இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 30.5 மைக்ரோ செகண்ட். 360 சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். இது பெரிதில்லை. டிக் விகிதம் 100 என்று இருக்கும் போர்டில் இதே கணக்கு ஒரு சுற்றுக்கு 10 மில்லி செகண்ட், மணிக்கு 3.6 செகண்ட்.

விலகல் கூடாது என்றால் அடுத்த நேரத்தை "இப்போதிலிருந்து இத்தனை" என்று சார்பாகச் சொல்லாமல், போர்டு தொடங்கியதில் இருந்து எண்ணிய முழு நேரமாகச் சொல்லுங்கள். 64 பிட் மாறி ஒன்றில் அடுத்த நேரத்தை வைத்து, ஒவ்வொரு முறையும் 10000 கூட்டி, கே_டைம்அவுட்_ஏபிஎஸ்_எம்எஸ் வழியாக ஷெட்யூலுக்குக் கொடுங்கள். கான்ஃபிக்_டைம்அவுட்_64பிட் இயங்க வேண்டும்.

ஏதாவது காரணத்தால் அரை நிமிடம் தடைப்பட்டு அடுத்த நேரம் கடந்தகாலம் ஆகிவிட்டால், விட்டுப்போன மூன்றையும் அடுத்தடுத்து ஓட்டித் தீர்க்கும். வெப்பநிலைக்கு அது தேவையில்லாத அவசரம். கே_அப்டைம்_கெட்டோடு ஒப்பிட்டு, அடுத்த நேரம் நிகழ்காலத்தைத் தாண்டும்வரை 10000 கூட்டிவிட்டுப் பிறகு ஷெட்யூல் செய்யுங்கள்.

இதற்கு மேல் மிஞ்சுவது போர்டின் கடிகாரப் படிகத்தின் பிழை. 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) படிகம் என்றால் நாளுக்கு 1.7 செகண்ட். அதை வொர்க் கியூவால் சரிசெய்ய முடியாது.

---

பழைய_கர்னல்

நாலாவது இன்னும் பாக்கி.

கே_வொர்க்_கேன்சல்_டிலேயபிள் காத்திருக்காது. ஓடிட்டு இருக்கிற ஹேண்ட்லரை அதால நிறுத்தவும் முடியாது. திரும்பி வர்ற மதிப்பு 0 இல்லேன்னா "இன்னும் முடியல"ன்னு சொல்லுது. அதை யாரும் பார்க்கிறதில்ல. உங்க சென்சார் 750 மில்லி செகண்ட் தூக்கத்துல இருக்கும்போது மெயின் த்ரெட் ரத்து பண்ணிட்டு மின்சாரத்தை வெட்டுது, ஹேண்ட்லர் முழிச்சு செத்த சென்சாரைப் படிக்குது. பத்து செகண்டுக்கு முக்கால் செகண்ட் ஜன்னல். அதான் எப்பவாவது வருது.

கே_வொர்க்_கேன்சல்_டிலேயபிள்_சிங்க் போடுங்க. ஹேண்ட்லர் முடியிற வரைக்கும் மெயின் காத்திருக்கும், அதிகபட்சம் 760. அது திரும்பின பிறகு மின்சாரத்தை வெட்டுங்க. அது கேக்கிற கே_வொர்க்_சிங்க் பொருளை உங்க போர்டுல லோக்கல் மாறியா வைக்கலாம். கேஷ் ஒத்திசையாத பல கோர் சில்லுல ஸ்டாக்ல வைக்கக் கூடாது.

சிங்க்ல மாட்டிக்கிற இடம் ரெண்டு. அதே வேலையோட ஹேண்ட்லருக்குள்ள இருந்து கூப்பிட்டா, தான் முடியறதுக்குத் தானே காத்திருந்து நிரந்தரமா நின்னுடும். ஒரு மியூடெக்ஸைப் (ஒரு நேரத்துல ஒரு த்ரெட் மட்டும் பிடிக்கிற பூட்டு) பிடிச்சுக்கிட்டே கூப்பிட்டு, ஹேண்ட்லரும் அதே மியூடெக்ஸைக் கேட்டா அதே கதி. இன்டரப்ட்ல இருந்து கூப்பிடவே கூடாது.

தன்னைத்தானே மறுபடி அட்டவணை போட்டுக்கிற ஹேண்ட்லர்ல இன்னொரு நுணுக்கம். உள்ள ஷெட்யூல் இருந்தா, ரத்து நடந்துட்டு இருக்கிற நேரத்துல அது 0 திருப்பி ஒதுங்கிக்கும். ரீஷெட்யூல் இருந்தா அப்படி ஒதுங்காது, புது நேரத்தை ஓட விட்டுடும். ரத்து பண்ணிட்டோம்னு நினைச்ச வேலை பத்து செகண்ட் கழிச்சு எழுந்து வரும். அதனால சென்சார் ஹேண்ட்லருக்குள்ள ஷெட்யூலே இருக்கட்டும்.

---

முடிவிலா_லூப்

எல்இடி சரியாகிவிட்டது. எரரும் போய்விட்டது. தனி கியூ தொடங்கி, மெயினில் கே_வொர்க்_ஷெட்யூல்_ஃபார்_கியூ கொடுத்தேன். முதல் அளவீட்டின்போது பட்டன் உடனே வேலை செய்கிறது. இரண்டாவது அளவீட்டில் இருந்து பழையபடி முக்கால் செகண்ட். கியூ பழுதா?

---

டிக்டிக்

ஹேண்ட்லருக்குள் இருக்கும் வரியையும் மாற்றினீர்களா? வெறும் கே_வொர்க்_ஷெட்யூல் எப்போதும் சிஸ்டம் கியூவுக்குத்தான் போகும். வேலை கடைசியாக எந்தக் கியூவில் ஓடியது என்று அது பார்ப்பதில்லை. முதல் சுற்று உங்கள் கியூவில், மற்றதெல்லாம் சிஸ்டம் கியூவில் ஓடுகின்றன. உள்ளேயும் ஃபார்_கியூ போடுங்கள்.

மாற்றிய பிறகு இன்னொன்றையும் பாருங்கள். எல்லாம் ஒரே கியூவில் இருந்தவரை இரண்டு ஹேண்ட்லர்கள் ஒரே நேரத்தில் ஓட வாய்ப்பே இல்லை, பொது மாறிகளுக்குப் பூட்டு தேவைப்படவில்லை. இப்போது இரண்டு த்ரெட். கடைசி வெப்பநிலையை பட்டன் ஹேண்ட்லரும் படிக்கிறது என்றால், சென்சார் பாதி எழுதும்போது உங்கள் சிஸ்டம் கியூ குறுக்கே வரலாம். வெப்பநிலை இரண்டு 32 பிட் எண்களாக இருப்பதால் ஒன்று புதியது, ஒன்று பழையது என்று கலந்து வரும். ஒரு கே_ஸ்பின்லாக் போட்டு நகலெடுத்தால் போதும்.

---

முடிவிலா_லூப்

ஆமாம், உள்ளே மாற்றவில்லை. இப்போது பட்டன் சரி, அளவீடும் 360. ஆனால் லாகில் வெப்பநிலையைத் தசமத்தோடு எழுதச் சேர்த்ததும் போர்டு ரீசெட் ஆகிறது. புதுக் கியூவின் ஸ்டாக் 512 பைட்.

---

ஸ்டாக்_வழியுது

512 பத்தாது. சிஸ்டம் கியூவுக்கே இயல்பு 1024. மிதவைப் புள்ளி எண்ணை (தசம எண்) அச்சடிக்கிறது ஸ்டாக்கை நல்லா தின்னும். முதல்ல 2048 வச்சு ஓட்டுங்க. கான்ஃபிக்_த்ரெட்_அனலைசர், அதோட _ஆட்டோ ரெண்டையும் போட்டா ஒவ்வொரு த்ரெட்டும் அதிகபட்சம் எவ்வளவு தொட்டிருக்குன்னு லாகில் வரும். கியூவுக்குப் பெயர் வச்சிருந்தா கண்டுபிடிக்க லேசு. எரர் வர்ற பாதையையும் ஒருதடவை ஓட வச்சுப் பாருங்க, சென்சார் வயரைப் பிடுங்கினா போதும். லாக் எழுதுற பாதைதான் பெரும்பாலும் ஆழமா போகும். வந்த எண்ணுக்கு மேல கால் பங்கு விட்டு ஸ்டாக்கை முடிவு பண்ணுங்க. கான்ஃபிக்_எச்டபிள்யூ_ஸ்டாக்_புரொடக்‌ஷன் போட்டு வச்சா அடுத்த தடவை சும்மா ரீசெட் ஆகாம, ஸ்டாக் வழிஞ்சதுன்னும் எந்த த்ரெட்னும் சொல்லிட்டு சாகும்.

மிதவைப் புள்ளியே வேண்டாம்னாலும் ஆகும். சென்சார்_வேல்யூவுல வால்1 முழு டிகிரி, வால்2 பத்து லட்சத்துல ஒரு பங்கு. வால்2-வை 10000-ஆல வகுத்து ரெண்டு இலக்கமா அச்சடிங்க. மைனஸ் வெப்பநிலையில மட்டும் கவனம்: ரெண்டுமே மைனஸா வரும். மைனஸ் அரை டிகிரின்னா வால்1 வெறும் 0, வால்2 மைனஸ் 5 லட்சம். குறியை முதல்ல தனியா அச்சடிச்சிட்டு, ரெண்டுக்கும் ஏபிஎஸ் எடுத்து எழுதுங்க. இல்லேன்னா ஃப்ரீசர்ல வைக்கிற அன்னிக்கு "0.-50"ன்னு வரும்.